சித்தாளின் பிள்ளை சித்தாளாகத்தான் இருக்க வேண்டுமா?

(லாலாகுடாவில் நடைபெற்ற நம் சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, தோழர்களே, பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

கூட்டத்துக்கு வரும்போது வாசலில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "இன்று அரசியல் பேச மாட்டீர்களா? படிப்பைப் பற்றித்தானா?" என்று கேட்டார். ஐயா, பிழைக்க வந்தவன் வீட்டுப் பிள்ளை எந்தப் படியில் நிற்கும் என்பதைவிடப் பெரிய அரசியல் எது? நமக்கு எந்தக் கூலி, நம் பெயர் எந்தப் பதிவேட்டில், நமக்கு விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, இவை அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கின்றன. ஆகவே இன்று அரசியல்தான் பேசப்போகிறோம். ஆனால் கொடி பிடித்துப் பேசப்போவதில்லை, சான்றிதழைக் கையில் பிடித்துப் பேசப்போகிறோம்.

இரண்டு தமிழர்கள்

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தின் கதையிலிருந்தே தொடங்குவோம். 1806இல் சிகந்தராபாத் என்று பெயர் சூட்டப்பட்ட பாளையத்துக்குச் சென்னைப் படையோடு தமிழர் வந்தார்கள். சிப்பாயாக வந்தார்கள், கணக்கராக வந்தார்கள், வண்டிக்காரராக, சமையல்காரராக வந்தார்கள். 1862இல் சோமசுந்தர முதலியார் சிகந்தராபாத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பிறகு மகபூப் கல்லூரி ஆயிற்று. சிகாகோவுக்குப் புறப்படுவதற்கு முன் விவேகானந்தர் 1893இல் பேசிய மேடை அது. வந்த இடத்தில் முதலில் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் நம் முன்னோர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அதே 1893இல்தான் இங்கே லாலாகுடாவில் நிஜாம் ரயில்வேயின் பட்டறை எழுந்தது. பெட்டிகளைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையின் சங்கு ஊதினால் இந்தத் தெருக்களில் அடுப்பெரியும், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும். தச்சராக, கொல்லராக, ஃபிட்டராக, பெயின்டராக நம்மவர் பலர் உள்ளே போனார்கள். பயிற்சிப் பையனாகப் போனவர் தேர்ந்த தொழிலாளியாகி, சார்ஜ்மேனாகி ஓய்வு பெற்றார். 1966இல் தென் மத்திய ரயில்வே உருவானபோதும் அந்தப் பாதை அடைபடவில்லை.

இவர் ஒரு தமிழர். இன்னொரு தமிழர் இருக்கிறார். விழுப்புரம், திருவண்ணாமலை, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து மேஸ்திரியோடு முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர். கொத்து வேலை, கம்பி வேலை, சென்ட்ரிங் வேலை, டைல்ஸ் வேலை. நாகோலிலிருந்து அமீர்பேட்டை வரை, தார்நாகா, மெட்டுகுடா வழியாகத் தலைக்கு மேலே மெட்ரோ ஓடுகிறதே, 2017 நவம்பரில் திறந்தார்களே, அதுபோன்ற பாலங்களுக்கெல்லாம் எத்தனை மாநிலத்து எத்தனை கைகள் கம்பி கட்டின என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? 2025 ஜனவரியில் செர்லாபல்லி முனையம் திறந்தது. சிகந்தராபாத் நிலையத்தை 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுத் திருப்பிக் கட்ட 2023 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, கட்டியவன் பெயர் இல்லை.

இந்த இரண்டு தமிழருக்கும் என்ன வேறுபாடு? உழைப்பிலா? இல்லை. புத்தியிலா? இல்லவே இல்லை. பட்டறைக்குள் போனவரின் தொழில் தாளில் ஏறியது. இன்ன நாள் சேர்ந்தார், இன்ன தொழில் கற்றார், இன்ன சோதனையில் தேறினார் என்று எழுதப்பட்டது. அந்தத் தாள் அவருக்குப் பதவி உயர்வு தந்தது, வீடு தந்தது, ஓய்வூதியம் தந்தது. சாரத்தில் ஏறியவரின் தொழில் கையிலேயே இருந்தது. கை தளர்ந்ததும் தொழிலும் போயிற்று.

எட்டு ஆண்டு, ஒரே சொல்

அண்மையில் நம் சங்கத்துக்கு ஒரு தம்பி வந்தார். பதினேழு வயதில் ஊரைவிட்டு வந்து எட்டு ஆண்டுகளாகக் கம்பி கட்டுகிறவர். ஸ்லாபின் நீள அகலத்தைச் சொன்னால் எத்தனை கம்பி, எத்தனை இடைவெளி, எங்கே வளைக்க வேண்டும் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். ஒரு பெரிய நிறுவனத்தில் நேரடியாக வேலைக்குச் சேரப் போனார். "சான்றிதழ் இருக்கிறதா?" என்றார்கள். இல்லை. "படிப்பு?" ஒன்பதாம் வகுப்பு. படிவத்தில் அவர் பெயருக்கு எதிரே 'ஹெல்பர்' என்று எழுதினார்கள். எட்டு ஆண்டு உழைப்பை ஒரே சொல்லில் அடித்துவிட்டார்கள். அதே இடத்தில் அன்று சேர்ந்த இருபத்தொரு வயதுப் பையன் டிப்ளமா படித்தவன். கம்பியை வளைக்கத் தெரியாது. இவர் கற்றுக்கொடுத்தார். மாலையில் வேலை சரியா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் அந்தப் பையன்.

அந்தப் பையன்மேல் நமக்குக் கோபம் இல்லை. அவன் படித்தான், அவனுக்கு உரியதைப் பெற்றான். நம் கேள்வி வேறு. கைவேலையும் தெரிந்து, கணக்கும் தெரிந்து, தாளும் வைத்திருக்கிற ஒருவன் நம் வீட்டிலிருந்து ஏன் வரக்கூடாது?

அந்தக் கணக்கு ஒன்றும் எட்டாக் கனி இல்லை. இதோ ஒரு கணக்கைச் சொல்கிறோம், தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் எடுங்கள். அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததை 162ஆல் வகுங்கள். ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் பன்னிரண்டு பன்னிரண்டு 144. அதை 162ஆல் வகுத்தால் 0.89 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி ஏறத்தாழ பத்தரை கிலோவுக்குச் சற்று மேல். 16 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு 1.58 கிலோ. லாரியில் வந்த கம்பி எத்தனை டன், சீட்டில் எழுதியிருப்பது சரியா என்று இந்த ஒரு கணக்கை வைத்தே சொல்லிவிடலாம். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும்தான். இது தெரிந்தவன் பில் போடுகிறான், தெரியாதவன் பாரம் தூக்குகிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பணக் கணக்கு இல்லை, உயிர்க் கணக்கு. ஸ்லாப் போட்ட பிறகு முட்டுகளை எப்போது எடுக்கலாம்? சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் என்றால், நாலரை மீட்டர் வரை அகலம் தாங்கும் ஸ்லாபுக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள் என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி சொல்கிறது. கான்கிரீட்டின் முழு வலிமையை 28ஆம் நாள் சோதனையில்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் அடுத்த மாடிக்குச் சென்ட்ரிங் பலகை வேண்டும் என்ற அவசரத்தில் நாலாம் நாளே முட்டைத் தட்டச் சொல்லும் மேஸ்திரிகளை நாம் பார்த்திருக்கிறோம். கீழே நிற்பவன் நம் ஆள். விதி தெரிந்தவன் "இன்னும் நாள் ஆகவில்லை" என்று சொல்வான். தெரியாதவன் சுத்தியலை எடுப்பான். படிப்பு என்பது கூலி உயர்வுக்கு மட்டும் இல்லை தோழர்களே, மாலையில் உயிரோடு வீடு திரும்புவதற்கும்தான்.

ஏணியின் படிகள்

சரி, வழி என்ன? ஒவ்வொரு படியாகச் சொல்கிறோம்.

முதற்படி, பத்தாம் வகுப்பு. இதை இடையில் விட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம், வயது போய்விட்டது என்று ஒதுங்கவும் வேண்டாம். 1989இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே, ஒவ்வொரு பாடமாகத் தேர்வு எழுதிப் பத்தாம் வகுப்பை முடிக்கலாம். தமிழிலேயே எழுதவும் வழி உண்டு. மாநில அரசின் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. அந்தக் கம்பி கட்டும் தம்பிக்கு நாம் சொன்ன முதல் யோசனை இதுதான்.

இரண்டாம் படி, ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையம். 1950இல் தொடங்கிய திட்டம் இது. கொத்து வேலை, பிளம்பர், தச்சு, வெல்டர் ஆகியவை ஓராண்டுப் படிப்பு. எலெக்ட்ரீஷியன், வயர்மேன், கட்டட வரைவாளர், சர்வேயர் ஆகியவை இரண்டாண்டு. பிளம்பர், தச்சு, கொத்து, வயர்மேன் போன்றவற்றில் எட்டாம் வகுப்புத் தேறியவரும் சேரலாம். எலெக்ட்ரீஷியன், வரைவாளர், சர்வேயர் ஆகியவற்றுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் மிகக் குறைவு. மல்லேபல்லி ஐ.டி.ஐ.யைப் பலரும் அறிவீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தனியார் நிலையத்தில் சேர்வதாக இருந்தால், மத்திய அரசு அங்கீகரித்த இடமா, நீங்கள் சேரும் தொழிலுக்கே அங்கீகாரம் உண்டா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துப் பணம் கட்டி, இரண்டாண்டு கழித்துப் பயனற்ற தாளோடு நின்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

மூன்றாம் படி, பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகையோடு கிடைக்கும் பயிற்சி இது. நம் லாலாகுடா பட்டறை உட்பட, தென் மத்திய ரயில்வேயின் பல பிரிவுகளுக்கு அவ்வப்போது அறிவிப்பு வருகிறது. ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன், தச்சர், பெயின்டர் என்று பல தொழில்கள். பத்தாம் வகுப்பில் பாதி மதிப்பெண்ணும் ஐ.டி.ஐ. சான்றும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தனியாகத் தேர்வு கிடையாது, மதிப்பெண் வரிசைதான். 24 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி, சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பயிற்சி முடித்தால் ரயில்வே வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ரயில்வேயின் முதல்நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் இப்படிப் பயிற்சி முடித்தவர்க்கு ஒதுக்கப்படுகிறது. அதற்கும் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். பட்டறைச் சுவருக்கு வெளியே முப்பது ஆண்டு குடியிருந்தும் அந்த அறிவிப்பு வருவதே தெரியாமல் இருக்கிற வீடுகள் இங்கே எத்தனை!

ஐ.டி.ஐ.க்கும் போக முடியாத தம்பிகளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. மாதாப்பூர்ப் பக்கம், ஹைடெக்ஸ் கண்காட்சித் திடலருகே நேஷனல் அகாடமி ஆஃப் கன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கிறது. 'நாக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1998இல் அரசும் கட்டடக்காரர் சங்கமும் சேர்ந்து தொடங்கியது. கொத்து, கம்பி, பிளம்பிங், மின்சாரம், பெயின்டிங், நில அளவை என்று மாதக் கணக்கில் முடியும் பயிற்சிகள். பலவற்றில் தங்குமிடமும் உணவும் உண்டு. எல் அண்டு டி நிறுவனமும் 1995இல் சென்னையில் தொடங்கிப் பல ஊர்களில் இதுபோன்ற பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்க்குத் திரும்ப முதலிலிருந்து பாடம் நடத்தாமல், தெரிந்ததைச் சோதித்துப் பார்த்துச் சான்று தருகிற ஏற்பாடும் 2015 முதல் மத்திய அரசின் திறன் திட்டத்தில் வந்திருக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய அண்ணன்மார்க்கு இது ஏற்ற வழி.

நான்காம் படி, பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பு முடித்தவர் நுழைவுத் தேர்வு எழுதி மூன்றாண்டு சிவில் டிப்ளமாவில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. டிப்ளமா முடித்தவர் இன்னொரு தேர்வு எழுதிப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். கவனித்தீர்களா? எட்டாம் வகுப்போடு ஐ.டி.ஐ.க்குப் போன பையன் இடையில் பத்தாம் வகுப்பையும் எழுதி முடித்துக்கொண்டால், படிப்படியாகப் பொறியாளர் நாற்காலி வரை ஏறலாம். எங்கும் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. சிவில் டிப்ளமா இருந்தால் ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்குத் தகுதி வந்துவிடும். அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அதற்கும் மேலே, கட்டுமான மேலாண்மை படிக்க ஷாமீர்பேட்டையில் நிக்மார் இருக்கிறது. அது செலவு மிகுந்த படிப்பு. சிலருக்கு வேலைக்குப் போய்ச் சேமித்த பிறகு பொருந்தும்.

தொழிலைக் கற்பிக்கும் ஆசிரியராக விரும்புகிறவருக்கு வித்யாநகரிலும் ராமந்தாபூரிலும் மத்திய அரசின் தேசியத் திறன் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஐ.டி.ஐ. பயிற்றுநர்களை உருவாக்கும் இடங்கள் அவை. கரண்டி பிடித்த கை சாக்குக்கட்டியும் பிடிக்கட்டுமே!

தாள் தடுக்கும் இடங்கள்

படிகளைச் சொன்னோம். இனிப் படியில் கிடக்கும் கற்களைச் சொல்ல வேண்டும். மறைத்தால் நாம் உண்மையானவர்கள் ஆகமாட்டோம்.

முதல் கல், 'உள்ளூர் மாணவர்' என்பது. அரசியல் சட்டத்தின் 371 டி பிரிவின்படி 1974இல் ஒரு குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. கல்வி நிலையங்களில் 85 சதவீத இடங்களை அது உள்ளூர் மாணவர்க்கு ஒதுக்கியது. யார் உள்ளூர் மாணவர்? தகுதித் தேர்வு எழுதிய ஆண்டு வரை தொடர்ந்து நான்கு ஆண்டு இங்கே படித்தவர் என்பது அதன் அடிப்படை. அந்த ஆணை தமிழரை எதிர்த்து வந்ததன்று. இந்த மண்ணின் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்று போராடிப் பெற்றது. அதை நாம் மதிக்கிறோம். நம் பிள்ளைகளும் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தால் அந்த உரிமைக்குள் வருவார்கள். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வேலை இருக்கும்போது பிள்ளையை இங்கே சேர்க்கிறோம். வேலை குறைந்தால் ஏழாம் வகுப்பில் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம். ஒன்பதில் மீண்டும் இங்கே. கடைசியில் பையன் இங்கேயும் வெளியூர்க்காரன், ஊரிலும் சான்று பாதி.

நம்மில் ஒரு குடும்பத்துக்கு இது நேர்ந்தது. நல்ல மதிப்பெண். கலந்தாய்வுக்குப் போனார்கள். எட்டாம் வகுப்புச் சான்று ஊரிலிருந்து. "நீ உள்ளூர் இல்லை" என்றார் மேசையில் இருந்தவர். தாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு வருடம் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் துணைக்கு அனுப்பியது. அன்பினால் செய்த காரியம் மூன்றாண்டுப் படிப்பைத் தட்டிவிட்டது. பெற்றோர்களே, உங்களைக் குறை சொல்லவில்லை. வேலை எங்கே இழுக்கிறதோ அங்கே போகிறவர்கள் நாம். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளையை நட்ட இடத்திலிருந்து பிடுங்காதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் பள்ளியிலிருந்து படிப்புச் சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பாருங்கள், அல்லது சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இரண்டாம் கல், சாதிச் சான்று. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநிலத்து ஒதுக்கீடு அவருக்குக் கிடைக்காது என்று 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஆந்திராவிலிருந்து பம்பாய்க்குப் போன குடும்பத்து மாணவர். எல்லையைத் தாண்டினால் வறுமை கழன்றுவிடுகிறதா? ஒதுக்குதல் நின்றுவிடுகிறதா? நாம் கேட்கத்தான் வேண்டும், கேட்டுக்கொண்டேதான் இருப்போம். ஆனால் கேட்டுக்கொண்டே பிள்ளையின் காலத்தை வீணாக்க முடியாது. மத்திய அரசின் வேலைகளுக்கும் மத்திய நிறுவனங்களுக்கும் தமிழ்நாட்டில் பெற்ற சான்று செல்லும். ரயில்வே அதில் ஒன்று. ஆகவே ஊருக்குப் போகும்போது திருவிழாவை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். தாசில்தார் அலுவலகத்தில் சான்றுக்கு மனுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம் கல், மொழி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் தக்கினியும், பள்ளியில் ஆங்கிலம். பிள்ளைகள் நான்கையும் பேசிவிடுகிறார்கள், ஒன்றையும் எழுத மாட்டேன் என்கிறார்கள். தெலுங்கை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வது தமிழுக்குத் துரோகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாம் உப்புத் தின்னும் மண்ணின் மொழி அது. வேலைத்தளத்தில் பாலமூரிலிருந்து வந்த தெலுங்குத் தொழிலாளியும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளியும் நம் பகைவர்கள் அல்லர். ஒருவரைக் காட்டி இன்னொருவர் கூலியைக் குறைக்கும் வித்தை மேஸ்திரிக்குத் தெரியும். அதை முறியடிக்கும் மொழி நமக்குத் தெரிய வேண்டும்.

தலைச்சுமை நம் பெண்களின் தலைவிதியா?

இந்தத் தலைப்புக்காகத்தான் இன்றைய உரைக்கே அந்தப் பெயரை வைத்தோம். கட்டட வேலைக்கு வருகிற ஆண், பெரியாளாகத் தொடங்கி, கரண்டி பிடிக்கப் பழகி, சில ஆண்டில் கொத்தனார் ஆகிறார். பிறகு மேஸ்திரி. பெண் சித்தாளாகத் தொடங்குகிறார். இருபது ஆண்டு கலவை சுமக்கிறார். சித்தாளாகவே முடிகிறார். ரசமட்டம் எப்படிப் பார்ப்பது, தூக்குக்குண்டு எப்படி விடுவது, சாந்து எந்த அளவில் குழைப்பது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாதா? இருபது ஆண்டு பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? கையில் கரண்டியை யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976லேயே சட்டம் வந்தது. இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. ஆனால் சித்தாள் என்ற பெயரிலேயே நிறுத்தி வைத்தால் 'சம வேலை' என்ற பேச்சே எழாது அல்லவா? சட்டத்தை மீறாமலே ஏமாற்றும் வழி அது. இதை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். அகமதாபாத்தில் சேவா சங்கத்தார் 2003இல் கட்டடத் தொழிலாளருக்கென 'கார்மிகா' பள்ளி தொடங்கிப் பெண்களைக் கொத்தனார்களாக்கினார்கள். ஜார்க்கண்டில் கழிப்பறைகள் கட்டும் இயக்கத்தில் கரண்டி பிடித்த கிராமத்துப் பெண்களை ஊரார் 'ராணி மிஸ்திரி' என்று அழைத்தார்கள். கேரளத்தின் குடும்பஸ்ரீ பெண்கள் வீடுகளையே கட்டி முடித்தார்கள். நம் தங்கைகள் வரைவாளர் படிப்புக்கும் சர்வேயர் படிப்புக்கும் எலெக்ட்ரீஷியன் படிப்புக்கும் போகட்டும். பெண்களுக்கென்றே ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. "பெண்பிள்ளைக்கு எதற்குக் கட்டட வேலை" என்று சொல்லும் தகப்பன்மாரே, உங்கள் மனைவி இன்று காலை எங்கே வேலைக்குப் போனார்?

நம் பணம் எங்கே?

இனி உரிமைக்கு வருவோம். 1980களில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் கட்டடத் தொழிலாளருக்கான தேசியப் பிரசாரக் குழு எழுந்தது. அதற்குத் தோள் கொடுத்தவர்களில் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர் சங்கத்தார் முன்வரிசையில் நின்றார்கள். அந்தப் போராட்டத்தின் பயனாக 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டமும் தீர்வைச் சட்டமும் வந்தன. கட்டடம் கட்டும் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நலனுக்கு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களை உள்ளே இழுத்துக்கொண்டன. ஆனாலும் தீர்வையும் நல வாரியமும் பதிவும் தொடர்கின்றன. 18 முதல் 60 வயது வரை, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்தவர் பதிவு செய்துகொள்ளலாம்.

அந்தப் பணம் என்ன ஆயிற்று தெரியுமா? 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு இது: நாடு முழுதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூல், செலவானது சுமார் 9,500 கோடி. மீதி எங்கே கிடந்தது? நம் பிள்ளைகளின் படிப்பாக, நம் தாய்மாரின் மகப்பேறாக, சாரத்திலிருந்து விழுந்தவனின் குடும்பத்துச் சோறாக ஆகவேண்டிய பணம், கணக்கில் கிடந்தது. பதிவு செய்யாதவனுக்குக் கொடுக்க முடியாது என்பது அவர்கள் பதில். ஆகவே அந்தச் சாக்கை அவர்களுக்குத் தராதீர்கள். பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டு வாரியம் பதிவுபெற்ற தொழிலாளியின் பிள்ளைக்கு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பட்டப்படிப்பு வரை உதவித்தொகை தருகிறது. எல்லா மாநில வாரியங்களும் அதற்குக் குறையாமல் தர வேண்டும், ஒரு மாநிலத்தில் பதிந்தவர் இன்னொரு மாநிலத்துக்குப் போனாலும் பயன் தொடர வேண்டும். இது நம் கோரிக்கை.

கடல் கடக்க நினைப்பவர்க்கு ஒரு சொல். சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகத் திறன் தேர்வு உண்டு. அந்தத் தேர்வை நடத்தும் மையங்கள் நம் நாட்டிலும் இருக்கின்றன. அங்கே உயர்திறன் பெற்ற தொழிலாளிக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் வரி குறைவு. அதனால் திறனுக்கு மதிப்பு உண்டு. அங்கேயும் தாள்தான் பேசுகிறது. ஆனால் வட்டிக்கு வாங்கி முகவரிடம் இலட்சங்களைக் கட்டிவிட்டுப் போனால், முதல் ஓராண்டு, ஈராண்டு உழைப்பு கடனுக்கே போய்விடும். முதலில் இங்கே தொழிலைச் சான்றோடு கற்றுக்கொள்ளுங்கள். பிறகு போங்கள்.

சங்கம் என்ன செய்யும்?

பேசிவிட்டுக் கலைந்து போவதற்காக நாம் கூடவில்லை. மூன்று காரியங்களைச் சங்கம் ஏற்றுக்கொள்கிறது. ஞாயிறுதோறும் மாலையில் இதே கூடத்தில் கணக்கு வகுப்பு. அளவை, கம்பிக் கணக்கு, வரைபடம் பார்த்தல். பட்டறையில் ஓய்வு பெற்ற நம் பெரியவர்கள் கற்பிக்க இசைந்திருக்கிறார்கள். இரண்டாவது, அறிவிப்புப் பலகை. ரயில்வே பழகுநர், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் அறிவிப்புகள் வந்த அன்றே தமிழில் எழுதி ஒட்டப்படும். மூன்றாவது, கோடை விடுமுறைக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து, பிள்ளையின் சான்றுகளில் எது இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் எடுப்போம். ஊருக்குப் போகும்போது இல்லாததை வாங்கி வர அந்தப் பட்டியல் உதவும்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பையனுக்குப் பதினாறு வயது ஆனதும், "நாளைக்கு என்னோடு வா, ஒரு கை குறைகிறது" என்று சைட்டுக்கு அழைக்காதீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு கூலி கூடும், உண்மைதான். நம் வீட்டுக் கஷ்டம் நமக்குத் தெரியாததா? ஆனால் அந்த ஒரு கூலிக்காக அவனுடைய நாற்பது ஆண்டுக் கூலியைக் குறைத்துவிடுகிறோம்.

கம்பி கட்டும் அந்தத் தம்பி இப்போது திறந்தநிலைப் பள்ளியில் பெயர் பதிந்திருக்கிறார். இன்று இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இரவு வேலை முடித்து நேராக வந்தவர், கண் சிவந்திருக்கிறது. அவர் பெயருக்கு எதிரே எழுதிய அந்தச் சொல்லை அழிக்க அவர் மட்டும் உழைத்தால் போதாது, நாம் அத்தனை பேரும் சேர்ந்து அழிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. பென்சிலும் அளவு நாடாவும் கொண்டு வாருங்கள்.